நாலு சுற்று ஒயர்

வெர்னா மெல்னிக்கிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "நேத்து நல்ல பனி" என்றால் "எத்தனை அங்குலம்?" என்பாள். நாய் கடித்தது என்றால் எந்தக் கால் என்று கேட்டு அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் "அய்யோ பாவம்" வரும். பதினோரு வருஷம் அவள் மேஜைக்கு எதிர்மேஜையில் உட்கார்ந்து குப்பை கொட்டியவள் நான். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

நாங்கள் இருந்தது ஆல்டர்டன் ஊரில், போலீஸின் ரகசியப் பிரிவில். பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். டிராக்டர் கடைக்குப் பின்னால் மூன்று அறை, ஒரு காப்பி மெஷின். நான் டெலிபோன். வெர்னா சேத அறிக்கை.

வேஷம் போட்டுத் திருடர்களோடு திருடனாகத் திரிகிற நம் அதிகாரி, அந்த வேஷத்துக்காக ஒருத்தர் பொருளை எடுத்தாலோ உடைத்தாலோ, அதை எழுத்தில் மேலதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும். பொருளுக்குச் சொந்தக்காரருக்கும் ஒரு வருஷத்துக்குள் கடிதம் போயாக வேண்டும். விசாரணை கெடும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தள்ளிப் போடலாம். சட்டம் அப்படி. அந்த அறிக்கையை வாங்கி, சரிபார்த்து, கடிதத்தை டைப் அடிப்பதுதான் வெர்னா வேலை.

தொப்புள் வரை தாடி வளர்த்த தடியன்கள் அவள் மேஜை முன்னால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி நிற்பதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

"கதவு சேதம்னு எழுதியிருக்க. எந்தக் கதவு?"

"கொட்டகைக் கதவு, வெர்னா."

"கொட்டகைக்கு ரெண்டு கதவு இருக்குமே. தள்ளி உடைச்சியா, நெம்பி உடைச்சியா? உள்ள கோழி இருந்துச்சா?"

"கோழி எதுக்கு?"

"கதவு போனா நரி வரும். போய் முழுசா எழுதிக்கிட்டு வா."

அவளும் பண்ணையில் பிறந்தவள்தான். கல்யாணமாகி ஏழாம் வருஷம் புருஷன் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அவளுக்கு இரண்டு இடம்தான். பகலில் ஆபீஸ். வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச்சின் கீழ்த்தளம். எங்கள் ஊர் யுக்ரேனியர்கள் எல்லாரும் அங்கே கூடி, சர்ச் கூரை செலவுக்காக நூறு டஜன், இருநூறு டஜன் பெரோகிக் கொழுக்கட்டை செய்வோம். ஆண்கள் உருளைக்கிழங்கு உரிப்பார்கள். பெண்கள் மாவில் மசியலை வைத்து மடித்து விளிம்பை நெருக்குவோம். வம்பு அதுபாட்டுக்கு நடக்கும்.

அந்த ஜனவரியில் பண்ணை வண்டிகளைத் திருடி எல்லை தாண்டி விற்கிற கும்பல் ஒன்றுக்குள் எங்கள் க்ளேட்டன் புகுந்திருந்தான். ஆள் ஆறடி நாலங்குலம், குழந்தை மனசு. கும்பல் தலைவன் அவனைச் சோதிக்க ஒரு வேலை வைத்தான். ஜனவரி ஏழு, பழைய நாட்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸ். காலையில் ஊரே சர்ச்சில் இருக்கும். இன்ன பண்ணையில் நிற்கிற நீல வண்டியை எடுத்து வா என்றான். க்ளேட்டன் எடுத்துப் போனான். இந்த ஊரில் வண்டிச் சாவி வண்டியிலேயேதான் இருக்கும். பூட்டுகிறவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மறுநாளே அறிக்கை வந்தது. வண்டி நெஸ்டர் வோலோஷினுடையது என்று நம்பரைப் பார்த்ததும் வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். வியாழக்கிழமை அவள் மேஜையில் கிழங்கு உரிக்கிற அதே நெஸ்டர்.

"அன்னிக்கு மைனஸ் முப்பத்தி நாலு டிகிரி. எஞ்சின் உறையாம இருக்கக் கரண்ட்ல சொருகி வெச்சிருப்பாங்களே?" என்று கேட்டாள் வெர்னா.

"சொருகித்தான் இருந்துச்சு."

"அந்த ஒயர என்ன பண்ணின? பிச்சுக்கிட்டுப் போனியா?"

க்ளேட்டன் திருதிருவென்று விழித்தான். "உருவி, சுத்தி, கம்பத்துல ஆணி இருந்துச்சு, அதுல மாட்டினேன்."

"திருடப் போன இடத்துலயா?"

"கை பழகிப் போச்சு, வெர்னா. எங்க வீட்டுல ஒயரத் தரையில போட்டா அப்பா தோல உரிச்சிடுவார். குளிர்ல வெடிச்சிடும்ல. நாலு சுத்து சுத்தி, நுனிய உள்ள சொருகணும்."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் அவள் அதையும் எழுதினாள்: ஒயர், நாலு சுற்று, ஆணி.

அடுத்த வாரம் வியாழன், ஜனவரி பதினாறு. நெஸ்டருக்கு அப்போது எழுபத்தி நாலு வயசு. கிழங்கை உரிக்கிற வேகத்திலேயே ஆள் கொதித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஓரெஸ்ட் எங்க? கிழங்குக்கு ஆள் பத்தல," என்று கேட்டது நான்தான். ஓரெஸ்ட் அவர் தம்பி. இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர்கள். அப்பா செத்ததிலிருந்து ஒரே வீடு, ஒரே பாத்திரம், ஒரே நாய்.

"அவன் பேரச் சொல்லாத. வெளிய அனுப்பிட்டேன்."

"என்ன, நெஸ்டர்! கிறிஸ்துமஸுக்கா?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான். பல்வலின்னு சர்ச்சுக்கு வராமப் படுத்துக்கிட்டான். நான் பக்கத்துப் பண்ணைக்காரங்க கார்ல சர்ச்சுக்குப் போய்த் திரும்பி வந்தா வண்டியக் காணோம். கேட்டா தூங்கிட்டேங்கறான். காதுக் கருவியக் கழட்டி வெச்சுட்டானாம், ஒண்ணும் கேக்கலையாம். போன வருஷம் என்னைக் கேக்காம எவனுக்கோ டிரெய்லர இரவல் கொடுத்தானே, அதே கதைதான்."

"திருடன் வந்திருக்கலாமே," என்றாள் வெர்னா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"திருடனா? அந்தக் குளிர்ல எந்தத் திருடன் கையுறையக் கழட்டிட்டு ஒயரச் சுத்தி ஆணியில மாட்டுவான்? சொல்லு. வீட்டாள்தான் மாட்டுவான். போலீஸுக்குப் போனா நம்ம மானம்தானே போகும்? அதான் போகல. அவனத்தான் போகச் சொன்னேன்."

வெர்னா கையிலிருந்த பெரோகி விரிந்து மசியல் வெளியே வந்துவிட்டது. நான் மேஜைக்கு அடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன். ஆபீஸ் ரகசியத்தை வெளியே சொன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் சிறை.

மறுநாள் காலை கோட்டைக் கூடக் கழற்றாமல் நேரே இன்ஸ்பெக்டர் மொரிசெட் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. எனக்குக் காது உண்டு.

"சார், வோலோஷின் அறிக்கையில ஒண்ணு சேக்கணும்."

"என்ன?"

"ஓரெஸ்ட்."

"அது யாரு?"

"வண்டிக்காரரோட தம்பி. வண்டியோட சேந்து அவரும் போயிட்டார்." முழுக் கதையும் சொன்னாள்.

மொரிசெட் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெர்னா, தாள்ல சொத்துன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. தம்பி சொத்துல வருவாரா?"

"கீழ இதரன்னு ஒரு கட்டம் இருக்கு சார்."

"சரி, எழுதிக்கோ. ஆனா கடிதம் போகாது. நெஸ்டர்கிட்ட இன்னிக்குச் சொன்னா, கூட்டுறவுக் கடை காப்பி மேஜைக்கு எவ்வளவு நேரத்துல போகும்?"

வெர்னா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பத்து நிமிஷம்."

"க்ளேட்டன் இப்ப அந்த ஆளுங்க வண்டியிலதான் உக்காந்திருக்கான்."

க்ளேட்டனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வெர்னா திரும்பி வந்து உட்கார்ந்து, அரைமணி நேரம் ஒரே பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வோலோஷின் ஃபைலில் ஒரு துண்டுத்தாள் சேரும்.

'ஜனவரி 24. சேதம் தொடர்கிறது. ஓரெஸ்ட் ஹோட்டல் மாடியில் ஏழாம் அறையில் இருக்கிறார். ஜன்னல் சரியாக மூடவில்லை.'

'பிப்ரவரி 14. சேதம் தொடர்கிறது. நாய் சாப்பிடுகிறதா என்று ஓரெஸ்ட் என்னிடம் கேட்டார்.'

'மார்ச் 7. சேதம் தொடர்கிறது. சர்ச்சில் தம்பியைக் கண்டதும் நெஸ்டர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்.'

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு தடவ எழுதியாச்சு, விடேன்," என்றேன்.

"ஒரு தடவையா நடந்துச்சு, ஃபே? தினமும் நடக்குது."

வியாழக்கிழமைகளும் நிற்கவில்லை. நெஸ்டர் அதே நாற்காலியில் உட்கார்ந்து தம்பியைத் திட்டுவார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து விளிம்பை நெருக்குவாள். வேற மேஜைக்குப் போய்த் தொலையேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "எழுந்து போனா, அதுவும் ஒரு பொய்தான்," என்பாள். வியாழக்கிழமை பகலில் சாப்பிடவே மாட்டாள். ஒருநாள் நெஸ்டர் தானாகவே சொன்னார், "வெர்னா, நீ ஒருத்திதான் நான் பேசறத மறுத்துப் பேசாமக் கேக்கற." அன்று அவள் கழிவறையில் போய் அழுதாள். நான் வெளியே காவல் நின்றேன்.

மார்ச் கடைசியில் க்ளேட்டன் கையெழுத்துப் போட வந்தான். வெர்னா துண்டுத்தாள்களை அவன் முன்னால் வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தான். தாடிக்குள் முகம் வெளுத்துவிட்டது.

"வீட்டுல ஆள் இருந்தாரா?"

"தூங்கிட்டிருந்தார்."

"அந்த ஒயரத் தூக்கித் தரையில வீசியிருக்கணும்."

"ஆமா," என்றாள். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அதே வாரம் கூட்டுறவுக் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏப்ரல் 26, சனி, காலை பத்து மணி. நெஸ்டர் வோலோஷின் பண்ணை ஏலம். நிலம், வீடு, டிராக்டர், கருவிகள், சமையல் சாமான் சகிதம். அவர் பக்கத்து டவுன் யார்க்டனில் முதியோர் இல்லத்துக்குப் போவதாக முடிவு செய்துவிட்டார். வீடு போய்விட்டால் அப்புறம் உண்மை தெரிந்து யாருக்கு என்ன லாபம்? ஓரெஸ்ட் அந்த நோட்டீஸை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்ததை நான் பார்த்தேன். 'சமையல் சாமான்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, "அம்மாவோட பெரிய வாணலியயுமா?" என்று மட்டும் கேட்டான்.

க்ளேட்டன் உள்ளேயிருந்து எப்படியோ அவசரப்படுத்தினான். மே மாதம் நடக்க வேண்டிய திருட்டு வண்டிக் கைமாற்றம் ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமையே நடந்தது. ஒன்பது பேர் பிடிபட்டார்கள். க்ளேட்டன் பத்திரமாக வந்து தாடியை மழித்தான். உள்ளே இருந்த முகத்தை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தலைநகரிலிருந்து அனுமதி வர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை ஏலம். கடிதத்தின் வாசகம் மேலிருந்து வந்தது, மூன்றே வரி. 'உங்கள் வாகனம் ஒரு அரசு அதிகாரியின் செயலால் இழப்புக்குள்ளானது என்பதைத் தெரிவிக்கிறோம். விண்ணப்பம் இணைப்பில்.' வெர்னா அதை எடுத்துக்கொண்டு மொரிசெட் முன்னால் நின்றாள்.

"இத நான் டைப் அடிக்க மாட்டேன் சார்."

"வெர்னா, வக்கீலுங்க ஒரு வார்த்த கூட மாத்தக் கூடாதுன்னு—"

"இதப் படிச்சா நெஸ்டர் என்ன நினைப்பார் தெரியுமா? எந்த அதிகாரியோ தம்பிகிட்டருந்து வண்டிய வாங்கியிருக்கான்னு நினைப்பார். சேதத்தச் சொல்லாத சேதக் கடிதம் எதுக்கு சார்?"

அவர் ஃபைலைத் திறந்தார். பதினாலு துண்டுத்தாள். எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை புரட்டினார். கடிதத்தின் கீழே தன் பேனாவால் எழுதினார்: 'இதில் உங்கள் தம்பிக்கு எந்தப் பங்கும் இல்லை. ஒயரைச் சுற்றி ஆணியில் மாட்டியவர் எங்கள் அதிகாரி.' கையெழுத்துப் போட்டு நீட்டினார். "வேலை போனா உங்க சர்ச்சுல கிழங்கு உரிக்க வரேன்," என்றார்.

தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் சேரும். நான் கார் ஓட்டினேன். வெர்னா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பண்ணை முற்றத்தில் எல்லாச் சாமானும் நம்பர் ஒட்டி வரிசையாக நின்றது. டிராக்டர் 14. தையல் மெஷின் 61. அந்தப் பெரிய வாணலி 88. கம்பத்து ஆணியில் அந்த ஒயர் மட்டும் நம்பர் இல்லாமல் அப்படியே தொங்கியது. ஜனவரியிலிருந்து நெஸ்டர் அதைத் தொடவே இல்லையாம். அவருக்கு அதுதான் சாட்சி.

கடிதத்தை நின்றபடி படித்தார். கடைசி இரண்டு வரியை மறுபடி படித்தார். கம்பத்தைப் பார்த்தார். அப்புறம் வெர்னாவைப் பார்த்தார்.

"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க?"

"ஆமா."

"எப்ப தெரியும் உனக்கு?"

இன்று காலைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? நான் மனசுக்குள் சொல்லு, சொல்லு என்று கத்தினேன்.

"வண்டி போனது மறுநாளே தெரியும். தம்பி போனது நீங்க சொன்ன அன்னிக்கே. ஜனவரி பதினாறு." கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் ஆபீஸ் சேத அறிக்கைத் தாள் அது. முந்தின நாளே டைப் அடித்து வைத்திருக்கிறாள், என்னிடம் கூடச் சொல்லவில்லை. நெஸ்டர் சத்தமாகவே படித்தார். "சேதம் செய்தவர், வெர்னா மெல்னிக். சேதம் அடைந்தவர், நெஸ்டர், ஓரெஸ்ட். என்ன நடந்தது: உண்மை தெரிந்தும் பதினைந்து வியாழக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் ஒரு உயிர் போயிருக்கும். அதனால் சொல்லவில்லை. சேதம் சேதம்தான்."

அவர் கழுத்து சிவந்தது. அதற்குப் பிறகு அவர் திட்டிய திட்டை நான் இங்கே எழுத மாட்டேன். இரண்டு பாஷையில் திட்டினார். நாய் பயந்து டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வெர்னா தலையைக் குனியவில்லை. மூச்சு வாங்கியதும்தான் நிறுத்தினார்.

"காரத் திறங்கடி. டவுனுக்குப் போகணும். எனக்குத்தான் வண்டி இல்லாமப் பண்ணிட்டீங்களே!"

ஹோட்டல் மாடிக்கு அவர் தனியாகத்தான் ஏறினார். கால்மணி நேரம் கழித்து இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். ஓரெஸ்ட் கையில் ஒரு சின்னப் பெட்டி, மறு கையில் கடிதம். மூன்று மாசத்தில் ஆள் பாதியாகியிருந்தான். பின்சீட்டில் இரண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள்.

பண்ணையில் இறங்கியதும் நாய் ஓரெஸ்ட் மேல் பாய்ந்தது. அவன் அதன் தலையைத் தடவிக்கொண்டே நேராகக் கம்பத்துக்குப் போனான். ஒயரைத் தொடாமல், விரலால் காற்றில் எண்ணினான்.

"நெஸ்டர், இங்க வா. இதுல நாலு சுத்து இருக்கு."

"இருக்கு. அதுக்கென்ன?"

"நான் எத்தன சுத்துவேன்?"

நெஸ்டர் கிட்டே வந்து ஒயரை எண்ணினார். ஓரெஸ்டே பதிலும் சொன்னான்.

"மூணு. அம்பது வருஷமா மூணு. மூணு சுத்துனா தொங்கித் தரையில இடிக்குதுன்னு குளிர்காலம் பூரா என்னைத் திட்டறது யாரு? நூத்தியெட்டு நாளா தினமும் காலையில இந்தக் கம்பத்தத் தாண்டிப் போயிருக்க. ஒரு நாளாவது எண்ணிப் பாத்தியா?"

நெஸ்டர் அப்படியே பின்னால் நகர்ந்து, 23 என்று நம்பர் ஒட்டிய டிரெய்லர் மேல் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் எடுத்தது வண்டியை மட்டும்தான். தம்பியைத் துரத்தியது அவரேதான்.

கொஞ்ச நேரம் கழித்து வெர்னாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அந்தத் தாள் இன்னொண்ணு இருக்கா?"

கைப்பையில் வெற்றுத்தாள் ஒன்று இருந்தது. பென்சிலும் கொடுத்தாள். என் கார் பானட் மேல் தாளை வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, ரொம்ப நேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கப் போனேன், வெர்னா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். எழுதி முடித்ததும் தம்பியிடம் நீட்டினார். ஓரெஸ்ட் படித்தான். மறுபடி படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"கையெழுத்து கோழி கிளறுன மாதிரியே இருக்கு," என்றான். "எழுந்திரு. அந்த வாணலிய எடுத்துக்கிட்டு உள்ள வா."

மறுநாள் ஏலம் நடக்கவில்லை. ஏலக்காரன் குதித்த குதியை ஊரே வேடிக்கை பார்த்தது. வந்த கூட்டம் கேக்கையும் காப்பியையும் காலி பண்ணிவிட்டுப் போனது. நெஸ்டர் செப்டம்பர் வரை வெர்னா மேஜைப் பக்கம் வரவில்லை. அவளும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை இரண்டு பேருமாக வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தராக உட்கார்ந்து கிழங்கை எடுத்தார்கள்.

ஏலம் நின்றுபோன அந்த ஏப்ரலில், அடுத்த திங்கட்கிழமை நான் ஆபீஸுக்கு வந்தபோது வெர்னா எனக்கு முன்னாலேயே வந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு ஒரு வரிக் குறிப்பு: 'சேத அறிக்கைத் தாள், இரண்டு, சொந்த உபயோகத்துக்கு எடுத்தேன்.'